படுவான்கரைக்கு வரும் விரிவுரை

எமது பகுதியில் ஒரு பிள்ளை பல்கலைக்கழகத்துக்குத் தெரிவானால், அந்தச் செய்தி செங்கலடிச் சந்தியிலிருந்து பெரியபுல்லுமலை வரை ஒரே நாளில் போய்ச் சேர்ந்துவிடும். அடுத்த நாளே செலவுக் கணக்குத் தொடங்கும். விடுதி, பஸ் காசு, சாப்பாடு, உடுப்பு என்று பெற்றோர் எண்ணிக்கொண்டிருக்கும்போது பிள்ளை இன்னுமொன்றைக் கேட்கும்: மடிகணனி. "படிக்கிறதுக்குக் கொப்பியும் புத்தகமும்தானே வேணும், இது என்னத்துக்கு மகள்?" என்று தகப்பன் கேட்பார். பிள்ளைக்கு அதை விளக்கத் தெரியாது. பிள்ளையும் இனிமேல்தானே அதைப் பார்க்கப் போகின்றது! கடைசியில் பட்டியில் நிற்கும் ஒரு மாடோ, பெரும்போக நெல்லில் ஒரு பங்கோ விலைப்படும். எதற்காக விற்றோம் என்பது விற்றவருக்கு விளங்காமலே இருக்கும்.

அதை விளக்கவே இக்கட்டுரை. பல்கலைக்கழகங்களில் கணனியையும் இணையத்தையும் கொண்டு எப்படிக் கற்பிக்கின்றார்கள், அதனால் எமது பிள்ளைகளுக்கு என்ன நன்மை, எங்கே இடறுகின்றது, வயலை நம்பி வாழும் வீடு ஒன்று அதற்கு என்ன ஆயத்தம் செய்யவேண்டும் என்பவற்றைச் சொல்ல விரும்புகின்றேன். பல்கலைக்கழகத்துக்கு எடுபடாத பிள்ளைகளுக்கும், இடப்பெயர்வினால் படிப்பை இடையில் விட்ட மூத்தவர்களுக்கும் இதே கருவிகள் வேறொரு வாசலையும் திறந்திருக்கின்றன. அது பின்னால் வரும்.

தூரத்திலிருந்து படிப்பது புதிதல்ல

ஆசிரியர் ஓரிடத்திலும் மாணவர் வேறோரிடத்திலும் இருந்து படிப்பது கணனியோடு வந்த காரியம் அல்ல. பிரித்தானியாவில் 1969இல் திறந்த பல்கலைக்கழகம் ஒன்றை நிறுவினார்கள். 1971இல் அங்கே படிப்புத் தொடங்கியபோது அச்சிட்ட பாடங்கள் தபாலில் போயின. விரிவுரைகள் பி.பி.சி. வானொலியிலும் தொலைக்காட்சியிலும் ஒலிபரப்பாகின. பகல் முழுவதும் வேலை செய்தவர்களும், பிள்ளைகளைப் பராமரித்த தாய்மாரும் நேரங்கெட்ட நேரத்தில் அவற்றைப் பார்த்துப் படித்துப் பட்டம் பெற்றார்கள். எமது நாட்டில் 1980இல் இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் உருவாயிற்று. பாடப் புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படிப்பது, ஒப்படை எழுதி அனுப்புவது, குறித்த நாட்களில் மட்டும் நிலையத்துக்குப் போய் ஆசிரியரைச் சந்திப்பது என்பதே அதன் முறை. மட்டக்களப்பிலும் அதற்கு ஒரு நிலையம் உண்டு.

அவுஸ்திரேலியாவின் கதை எமக்கு இன்னும் பொருத்தமானது. அந்த நாட்டின் நடுப்பகுதி பெரும் வறண்ட வெளி. ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் இடையே பல மைல்கள் இருக்கும். ஆடுமாடு வளர்க்கும் குடும்பங்களின் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் பள்ளிக்கூடம் இல்லை. பறக்கும் வைத்தியர் சேவைக்கென வைத்திருந்த வானொலிக் கருவிகளைக் கொண்டு 1951இல் அலிஸ் ஸ்பிரிங்ஸ் நகரில் வானொலிப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார்கள். ஆசிரியர் பேசுவார், நூற்றுக்கணக்கான மைல்களுக்கு அப்பால் பிள்ளை கேட்டுப் பதில் சொல்லும். பிற்காலத்தில் அப்படி ஒதுக்குப்புறக் குடியிருப்பு ஒன்றில் வானொலிவழி படித்து வளர்ந்த சிறுவன்தான் மார்ட்டின் டூகியாமாஸ். அவர் பெரியவராகிப் பல்கலைக்கழகத்தில் கணனி வேலை செய்தபோது, ஆசிரியரையும் மாணவரையும் இணையத்தின் வழியே சேர்த்துவைக்க 'மூடில்' என்ற நிரலை எழுதினார். 2002இல் அதனை வெளியிட்டு, எவரும் காசு கொடுக்காமல் எடுத்துப் பாவிக்கலாம் என்று விட்டுவிட்டார். உலகமெங்கும் பல்லாயிரம் கல்வி நிறுவனங்கள் அதைப் பாவிக்கின்றன. இலங்கையின் அரச பல்கலைக்கழகங்கள் பலவற்றிலும் உங்கள் பிள்ளை முதலில் சந்திக்கப்போவது அதைத்தான்.

திரைக்குள் என்ன இருக்கின்றது?

பிள்ளைக்கு ஒரு பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கொடுப்பார்கள். கடவுச்சொல் வீட்டுச் சாவி போன்றது. கூடப் படிக்கும் சிநேகிதிக்கும் கொடுக்கக்கூடாது. அதைக்கொண்டு உள்ளே போனால், அந்தத் தவணையில் படிக்கும் ஒவ்வொரு பாடத்துக்கும் ஒவ்வோர் அறை இருப்பதைக் காணலாம். மண்ணியல் என்று வைத்துக்கொள்வோம். அந்த அறைக்குள் விரிவுரையாளர் தமது குறிப்புகளை வாரம் வாரமாக அடுக்கி வைத்திருப்பார். முன்பு இவற்றைப் போட்டோக்கொப்பிக் கடையில் வரிசையில் நின்று எடுக்கவேண்டும். சில விரிவுரைகளின் ஒலி, ஒளிப்பதிவும் அங்கே இருக்கும். ஒப்படையைப் போடுவதற்கு ஒரு பெட்டி இருக்கும்; அந்தப் பெட்டிக்கு நேரக்கணக்கு உண்டு. இரவு 12 மணிக்குப் பூட்டும் என்றால் 12 மணிக்குப் பூட்டும். 'பஸ் வரவில்லை சேர்' என்ற கதை அதனிடம் எடுபடாது. அறையின் இன்னொரு மூலையில் கேள்வி பதில் பலகை ஒன்றும் இருக்கும்.

இவற்றில் எமது பிள்ளைகளுக்கு மிகப் பெரிய உதவி எதுவென்று கேட்டால், பதிவு செய்த விரிவுரை என்றே நான் சொல்வேன். காரணம் ஆங்கிலம். விஞ்ஞானம், பொறியியல், மருத்துவம் போன்ற துறைகள் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத்தில் நடக்கின்றன. உயர்தரம் வரை தமிழில் படித்த பிள்ளை முதல் நாள் விரிவுரை மண்டபத்தில் திகைத்துப்போய் இருக்கும். விரிவுரையாளர் ஒரு வசனம் சொல்லி முடிப்பதற்குள் அடுத்த வசனம் வந்துவிடும். நகரத்துப் பிள்ளைகள் எழுதிக்கொண்டு போவார்கள். எமது பிள்ளை வெறும் தலைப்பை மட்டும் எழுதி வைத்திருக்கும். பதிவு கையில் இருந்தால் அதே வசனத்தை நிறுத்தலாம், பின்னுக்குப் போகலாம், அகராதியைப் பார்க்கலாம், பத்துத் தரம் கேட்கலாம். மண்டபத்தில் 'திரும்பச் சொல்லுங்கள்' என்று பத்துத் தரம் கேட்க எந்தப் பிள்ளைக்குத் துணிவு வரும்?

கேள்விப் பலகையும் அப்படித்தான். இருநூறு பேர் முன்னிலையில் எழும்பிப் பேச வெட்கப்படும் பெண்பிள்ளை, இரவில் ஆறுதலாக இருந்து தன் சந்தேகத்தை எழுதி அனுப்பலாம். சில பாடங்களில் சிறு சிறு பரீட்சைகள் இருக்கும். விடையைத் தெரிவு செய்தவுடன் சரியோ பிழையோ என்று கணனி சொல்லிவிடும். இதை விளையாட்டாக நினைக்க வேண்டாம். ஒரு பாடத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தவர்களைவிட, வாசித்தபின் தம்மைத் தாமே சோதித்துப் பார்த்தவர்கள் ஒரு வாரத்தின் பின் கூடுதலாக ஞாபகம் வைத்திருந்தார்கள் என்பதை 2006இல் அமெரிக்காவில் வெளிவந்த ஆய்வொன்று காட்டியது. விரிவுரையாளருக்கும் இதில் பயன் உண்டு. எந்தக் கேள்வியில் வகுப்பில் பாதிப்பேர் வழுக்கினார்கள் என்பது அவருக்குத் தெரிந்துவிடும். அடுத்த நாள் அதை மீண்டும் படிப்பிக்கலாம். நல்ல விரிவுரையாளர் செய்வார். எல்லோரும் செய்வதில்லை. குறிப்புகளைத் திரையில் ஏற்றிவிட்டதோடு தம் கடமை முடிந்தது என்று இருப்பவர்களும் உண்டு. கருவி ஒன்றாக இருந்தாலும் கை வேறுவேறுதானே!

2020இல் நடந்தது

1990இல் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தை மையமாக வைத்துக் கல்வியாளர்களுக்கான மின்னஞ்சல் சேவை ஒன்றை இந்நாட்டில் தொடங்கினார்கள். பேராசிரியர் அபய இந்துருவ அதற்கு முன்னின்றவர். படிப்படியாக அது 'லேர்ன்' என்ற பெயரில் பல்கலைக்கழகங்களை எல்லாம் இணைக்கும் வலையமைப்பாக வளர்ந்தது. பொதுமக்கள் அதன் பெயரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். ஆனால் 2020 மார்ச்சில் கொரோனாவினால் பல்கலைக்கழகங்களை மூடியபோது தாங்கிப் பிடித்தது அதுதான். வீட்டில் இருந்த மாணவர்களுக்கு 'சூம்' வழியாக விரிவுரை நடத்த லேர்ன் ஏற்பாடு செய்தது. பல்கலைக்கழகக் கணனிகளோடு தொடர்புகொள்ளும் மாணவரிடம் டேட்டாக் கட்டணம் அறவிடாமல் விடத் தொலைபேசி நிறுவனங்களும் சில மாதங்கள் இணங்கின. அந்தச் சலுகை அந்த ஆண்டு ஆகஸ்டோடு நின்றது. பின்னர் படிப்புக்கென்று மலிவான பொதிகள் வந்தன.

பல்கலைக்கழகங்கள் நின்றுபோகவில்லை என்பது உண்மை. அதே நேரத்தில், 2019இல் எடுத்த அரசாங்கக் கணக்கின்படி இலங்கையில் ஐந்து வீடுகளுக்குச் சற்றுக் கூடுதலாக ஒரு வீட்டில்தான் கணனி இருந்தது. மற்றப் பிள்ளைகள் கைத்தொலைபேசியின் சிறு திரையில் வரைபடம் பார்த்தார்கள். பதுளைப் பக்கத்துப் பொகிட்டியாவ என்ற கிராமத்தில் பள்ளிப் பிள்ளைகள் சிக்னல் தேடிக் காட்டுவழியே மலையேறிய படங்கள் 2021இல் உலகப் பத்திரிகைகளில் வந்தன. 2022இல் பொருளாதாரம் விழுந்தபோது மார்ச் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு. எரிபொருள் இல்லாமல் மாணவர் வளாகத்துக்கு வரமுடியாதிருந்த அந்த ஆண்டில், இணையவழி படிக்கலாம் என்றாலும் தொலைபேசிக்கு மின்னேற்றுவதே பாடாயிற்று.

எங்கள் பக்கத்தில் இன்னொரு வகைச் சிக்கல். வீட்டுக்கு ஒரு நல்ல தொலைபேசிதான் இருக்கும். இரவு காவலுக்கு வயலுக்குப் போகும் தகப்பனுக்கு யானை வந்தால் ஆட்களைக் கூப்பிட அது வேண்டும். மகளுக்கு விரிவுரைக்கு அது வேண்டும். இரண்டும் நியாயமான தேவை. பழைய பொத்தான் தொலைபேசி ஒன்றைக் காவலுக்கென்று வைத்துக்கொண்ட வீடுகளில் இந்தச் சண்டை தீர்ந்தது.

தண்ணீர்க் கணக்கும் டேட்டாக் கணக்கும்

உன்னிச்சைக் குளத்தில் தண்ணீர் நிறைய இருந்தாலும், வாய்க்காலின் தலைப்பில் உள்ள வயலுக்கும் கடைசியில் உள்ள வயலுக்கும் ஒரே மாதிரிப் பாயாது. மேலே எல்லோரும் ஒரே நேரத்தில் மடையைத் திறந்தால் கடைசி வயல்காரர் பார்த்துக்கொண்டு நிற்கவேண்டும். தொலைபேசிக் கோபுரமும் அதே கதை. கோபுரத்தின் கொள்ளளவைச் சுற்றியுள்ள எல்லோரும் பங்கிடுகின்றார்கள். பின்னேரம் ஆறு மணியிலிருந்து பத்து மணி வரை ஊரே படம் பார்க்கும் நேரம். அப்போது தூரத்திலுள்ள வீட்டுக்கு வருவது சொட்டுத்தான். நடுச்சாமத்திலும் விடியற்காலையிலும் நன்றாக வரும்.

அளவையும் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு மணித்தியால விரிவுரையை முகம் பார்த்துக் கேட்டால் ஏறத்தாழ அரை ஜிகாபைட் முதல் ஒரு ஜிகாபைட் வரை செலவாகும். முகத்தை மூடிவிட்டு ஒலியை மட்டும் கேட்டால் 50 மெகாபைட் அளவில் முடிந்துவிடும். பத்தில் ஒரு பங்கு, அல்லது அதிலும் குறைவு. இருபது பக்கக் குறிப்பு ஒன்று இறங்க ஒன்றிரண்டு மெகாபைட் போதும். கிழமைக்கு 15 மணித்தியால விரிவுரை என்றால், முகம் பார்த்துக் கேட்கும் பிள்ளைக்கு மாதம் 30 முதல் 60 ஜிகாபைட் வேண்டும். ஒலியை மட்டும் கேட்கும் பிள்ளைக்கு மூன்று போதும். இந்தக் கணக்கை அறியாமல் மாதத்தின் இரண்டாம் கிழமையிலேயே டேட்டா முடிந்து, மிச்ச நாட்களுக்கு ரீலோட் போடக் கடன் பட்ட வீடுகளை நான் அறிவேன்.

இதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. பல்கலைக்கழக வளாகத்துக்குள் இணையம் மாணவருக்கு இலவசம். அங்கே நிற்கும்போதே குறிப்புகளையும் பதிவுகளையும் தொலைபேசியிலோ பென் டிரைவிலோ இறக்கிக்கொண்டு வந்தால், வீட்டில் டேட்டாவே இல்லாமல் படிக்கலாம். மூடிலுக்கென்று தொலைபேசியில் போடும் செயலியும் அப்படி இறக்கி வைக்க இடம் தருகின்றது. மழைக்காலத்தில் குளத்தை நிரப்பிச் சிறுபோகத்துக்கு வைத்துக்கொள்வது எமக்குப் பழக்கமான காரியம்தானே.

மடிகணனியைப் பற்றி: கலைப்பீடத்தில் முதலாம் ஆண்டுப் பிள்ளைக்கு வாசிக்கவும் கேட்கவும் ஓரளவான தொலைபேசி போதும். நீண்ட ஒப்படைகளைத் தட்டச்சுச் செய்யப் பீடத்திலுள்ள கணனிக் கூடத்தைப் பாவிக்கலாம். கணனி, பொறியியல் துறைகளுக்கு மடிகணனி இல்லாமல் சரிவராது. ஆகவே கடிதம் வந்த கையோடு மாட்டை விற்க வேண்டாம். பிள்ளை பீடத்துக்குப் போய், மூத்த மாணவரிடம் கேட்டு, எந்த வகை வேண்டும் என்று அறிந்த பிறகு வாங்குங்கள். பாவித்த மடிகணனி வாங்கினால் மின்கலம் எவ்வளவு நேரம் தாங்குகின்றது என்று கடையிலேயே வைத்துப் பாருங்கள். மின்வெட்டு நாளில் உதவப்போவது அதுதான். ஐப்பசி, கார்த்திகை இடிமின்னல் காலத்தில் செருகியபடி விட்டுவிட்டுப் படுக்கக்கூடாது.

வீட்டிலிருந்தே படிக்கட்டுமே?

சில தாய்மார் இப்படிக் கேட்கின்றார்கள். எல்லாம் தொலைபேசியில் வருகின்றதென்றால் பெண்பிள்ளையை ஏன் வெளியே அனுப்பவேண்டும்? இதற்கு ஒரு பழைய காரணமும் உண்டு. வந்தாறுமூலை எமக்கு ஒரு பஸ் தூரம்தான். 1981இல் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரியாக ஆரம்பித்து, 1986இல் கிழக்குப் பல்கலைக்கழகமாக உயர்ந்த இடம். ஆனால் 1990இல் எமது மக்கள் ஆயிரக்கணக்கில் அந்த வளாகத்துக்குள் ஓடியது உயிர் தப்ப. அந்த ஆண்டு செப்டம்பர் 5ஆம் திகதி அங்கிருந்த அகதி முகாமிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட 158 பேர் திரும்பி வரவில்லை. அவர்களின் உறவினருக்கு 'கம்பஸ்' என்ற சொல்லில் இன்றும் அந்த நாள் இருக்கின்றது. பிள்ளையை வீட்டில் வைத்திருக்க விரும்பும் தாயைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை.

ஆயினும் இடம் கிடைத்த பிள்ளை போகவேண்டும் என்பதே என் கருத்து. ஆய்வுகூடத்தில் கையால் செய்து பழகுவதைத் திரை தராது. நூலகத்தில் ஒரு புத்தகத்தைத் தேடும்போது பக்கத்துப் புத்தகமும் கண்ணில் படும். சிங்கள, முஸ்லிம் மாணவரோடு ஒரே மேசையில் இருந்து சாப்பிட்டுப் பழகுவதும் படிப்புத்தான். இன்னொன்றும் உண்டு. வீட்டில் இருக்கும் பிள்ளையை நாம் வேலையில்லாத பிள்ளையாகவே பார்க்கின்றோம். காதில் ஒலிவாங்கியை மாட்டிக்கொண்டு விரிவுரை கேட்கும் மகளை, "சும்மாதானே இருக்காய், அடுப்பைப் பாரு" என்று கூப்பிடுவோம். மகனைக் கூப்பிடுவது குறைவு. தற்செயலாக வகுப்புகள் இணையவழிக்குப் போகும் காலம் மறுபடியும் வந்தால், விரிவுரை நேரத்தைப் பள்ளிக்கூட நேரம் போலவே வீட்டார் மதிக்கவேண்டும்.

திரைக்கு வெளியே பொதுவாகக் கிடைக்கும் உதவிகளும் பல. இந்தியாவின் ஐ.ஐ.ரி. நிறுவனங்கள் தமது பொறியியல், விஞ்ஞான விரிவுரைகளை 2003இல் தொடங்கிய என்.பி.ரி.ஈ.எல். என்ற திட்டத்தின் கீழ் எவரும் இலவசமாகப் பார்க்க விட்டிருக்கின்றன. சிலவற்றின் தமிழாக்கமும் கிடைக்கின்றது. 2005இல் தொடங்கிய 'நூலகம்' என்ற எண்ணிம நூலகத்தில் இலங்கைத் தமிழரின் நூல்களும் பழைய பத்திரிகைகளும் சஞ்சிகைகளுமாக ஓர் இலட்சத்துக்கு மேற்பட்ட ஆவணங்கள் உள்ளன. தமிழ், வரலாறு, சமூகவியல் படிக்கும் பிள்ளைக்கு அது ஒரு புதையல். காரைதீவில் பிறந்த சுவாமி விபுலானந்தர் 1930களில் விஞ்ஞானக் கலைச்சொற்களைத் தமிழில் ஆக்கும் பணியில் முன்னின்றவர். அந்த வழியில் வந்த கலைச்சொல் அகராதிகளையும் இன்று தொலைபேசியிலேயே பார்க்க முடிகின்றது.

2022 நவம்பரில் வெளிவந்த சட் ஜி.பி.ரி. போன்ற செயற்கை நுண்ணறிவு நிரல்கள் இப்போது எல்லாப் பிள்ளைகளின் கையிலும் இருக்கின்றன. கேட்டால் பதில் எழுதித் தரும். விளங்காத ஆங்கிலப் பந்தியை எளிமையாகச் சொல்லச் சொன்னால் சொல்லும். அது நல்ல உதவி. ஆனால் தெரியாததையும் தெரிந்தது போலவே எழுதும். இல்லாத புத்தகத்துக்குப் பெயரும் ஆசிரியரும் கற்பித்துக் கொடுக்கும். ஒப்படையை அதனிடம் எழுதுவித்துத் தன் பெயரில் கொடுப்பது களவு. அகப்பட்டால் பட்டமே போகலாம். அகப்படாவிட்டாலும், பரீட்சை மண்டபத்தில் அது பக்கத்தில் இராது.

எடுபடாதவர்களுக்கும் இடையில் விட்டவர்களுக்கும்

உயர்தரத்தில் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கத் தகுதி பெறுவோரில் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கே அரச பல்கலைக்கழகத்தில் உள்வாரி இடம் கிடைக்கின்றது. மற்ற மூவரும் மக்குப் பிள்ளைகள் அல்ல. வெட்டுப்புள்ளிக்கு அரைக்கால் குறைந்தவர்களும் அவர்களில் இருக்கின்றார்கள். திறந்த பல்கலைக்கழகம் இவர்களுக்கான இடம். வேலை செய்துகொண்டே படிக்கலாம். பாடங்களைப் பகுதி பகுதியாக எடுக்கலாம். முன்பு அச்சிலும் தபாலிலும் நடந்தவற்றில் பெரும்பகுதி இன்று இணையத்தில் நடக்கின்றது. கிழக்குப் பல்கலைக்கழகம் போன்றவை வெளிவாரிப் பட்டங்களும் நடத்துகின்றன. கொழும்புப் பல்கலைக்கழகம் 2000இல் தொடங்கிய தகவல் தொழில்நுட்ப வெளிவாரிப் பட்டத்தை வீட்டிலிருந்தே படித்துப் பரீட்சை எழுதி முடித்தவர்கள் நாடெங்கும் இருக்கின்றார்கள். இவை இலவசம் அல்ல, கட்டணம் உண்டு. தவணை முறையில் கட்டலாமா என்று பதியுமுன் கேளுங்கள்.

கவனிக்கவேண்டிய ஆபத்தும் இங்கேதான். 'இணையவழிப் பட்டம், ஆறு மாதத்தில்' என்று துண்டுப் பிரசுரத்தோடு வருபவர்கள் பெருகியிருக்கின்றார்கள். காணியை ஈடுவைத்துக் காசு கட்டி, கடைசியில் எந்த நேர்முகப் பரீட்சையிலும் செல்லாத காகிதத்தோடு நிற்கும் பிள்ளை ஒன்றை எனக்குத் தெரியும். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அங்கீகாரம் உள்ளதா என்று எழுத்தில் பார்க்காமல் ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம்.

2007இல் படுவான்கரை முழுவதும் மூட்டை கட்டி ஓடியபோது பத்தாம் வகுப்பில் கொப்பியை மூடிய பிள்ளைக்கு இன்று முப்பது வயது தாண்டியிருக்கும். அவளே இப்போது தாய். 'எனக்கு இனி என்ன படிப்பு' என்று அவள் சொல்வதை நான் ஏற்றுக்கொள்வதில்லை. திறந்த பல்கலைக்கழகம் தொடக்கத்திலிருந்தே வயது வந்தவர்களுக்கென்று அடித்தளக் கற்கைகளை வைத்திருந்தது. பள்ளிச் சான்றிதழ் குறைந்தவர்களும் கீழ்ப்படியிலிருந்து ஏறலாம் என்பதே அதன் நோக்கம். இப்போது எந்தக் கற்கைக்கு என்ன தகைமை என்பதை மட்டக்களப்பு நிலையத்தில் நேரில் கேட்டறியலாம்.

தனியே ஒரு வீட்டில் இருந்து இப்படிப் படிப்பது கடினம். கொத்மலையில் 1990களின் இறுதியில் யுனெஸ்கோவின் உதவியோடு நடந்த ஒரு முயற்சியை இங்கே சொல்லவேண்டும். கிராமத்தவர்கள் தங்கள் கேள்விகளைச் சமூக வானொலிக்கு அனுப்புவார்கள். நிலையத்தில் இருப்பவர்கள் இணையத்தில் தேடி, விடயம் தெரிந்த ஒருவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தாய்மொழியில் வானொலியில் விளக்குவார்கள். ஒரேயொரு இணைப்பினால் ஒரு பிரதேசமே பயன்பெற்றது. பின்னர் 2000களின் நடுப்பகுதியில் அரசாங்கம் 'நெணசல' அறிவகங்களை ஊர் ஊராகத் தொடங்கியபோது, விகாரைகள், கோவில்கள், பள்ளிவாசல்கள் போன்ற இடங்களிலும் அவற்றை வைத்தது. 2014இல் அத்திட்டத்துக்குச் சர்வதேசப் பரிசும் கிடைத்தது. பொறுப்பான ஒருவர் இருந்த இடங்களில் அவை நடந்தன. கணனியை மட்டும் கொண்டுவந்து இறக்கிய இடங்களில் தூசிதான் படிந்தது.

எமது ஊரிலும் மாதர் சங்கக் கட்டடமோ, வாசிகசாலையோ, பங்கு மண்டபமோ மாலையில் சும்மா கிடக்கின்றது. ஒரு இணைப்பு, நாலு மேசை, மின்வெட்டுக்கு ஒரு மின்கலம், விடுமுறைக்கு வீட்டுக்கு வரும் பல்கலைக்கழகப் பிள்ளை ஒருவர். இவ்வளவும் இருந்தால் தொடங்கலாம். தண்ணீர்ப் பங்கீட்டைப் பார்க்க வட்டவிதானை இருப்பது போல, யாருக்கு எந்த நேரம் என்று பார்க்கவும் ஒருவர் வேண்டும். இல்லாவிட்டால் பெடியன்கள் கிரிக்கெட் பார்ப்பதோடு அது முடிந்துவிடும்.

பதியப் போகுமுன் பத்திரங்களைத் தேடுங்கள். இடப்பெயர்வில் சாதாரண தரச் சான்றிதழைத் தொலைத்தவர்கள் அதோடு எல்லாம் போயிற்று என்று இருக்கின்றார்கள். பரீட்சைத் திணைக்களம் பெறுபேற்றுச் சான்றிதழை மீண்டும் வழங்கும். அதற்கு இணையவழி விண்ணப்பமும் உண்டு. பரீட்சை எழுதிய ஆண்டும் சுட்டெண்ணும் தெரிந்தால் வேலை இலகு. சுட்டெண் ஞாபகமில்லாவிட்டால் படித்த பாடசாலையின் அதிபரை முதலில் கேளுங்கள். பிறப்புச் சான்றிதழின் பிரதியைப் பிரதேச செயலகத்தில் எடுக்கலாம். கிடைத்தவுடன் இரண்டையும் படம் பிடித்து மின்னஞ்சலில் உங்களுக்கே ஒரு பிரதி அனுப்பி வையுங்கள். இன்னொரு முறை வீட்டை விட்டு ஓட நேர்ந்தாலும் அது அங்கே இருக்கும்.